சாவி கொடுத்த பிறகும் பொறுப்பு உண்டு

புது ஃபிளாட்டுக்குக் குடிபோய் ஒரு வருடம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, பெயிண்ட் உப்பி உதிர்கிறது. கட்டிக்கொடுத்தவரைக் கேட்டால், "சாவி கொடுத்தாச்சே, இனி உங்க பாடு" என்கிறார்.

அப்படி இல்லைங்க. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் அவர்தான் பொறுப்பு. ரெரா என்கிறோமே, அந்த 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் சொல்வது இது. தூணில் விரிசல் மட்டுமல்ல, மட்டமான வேலையும் இதில் அடக்கம். நீங்கள் தெரிவித்த 30 நாளுக்குள், காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம்.

ஆனால் எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி ஏது? கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுங்கள். அதற்கு முன் அவசரப்பட்டு நீங்களே கொத்தனாரை வைத்துப் பூசிவிடாதீர்கள். பூசினால் ஆதாரம் போச்சு.

பதில் வரவில்லையா? தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவர்களுக்கு ரெரா இல்லை. அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே கெடு 2 ஆண்டுகள்தான். தள்ளிப்போடாதீர்கள்.