மலிவு என்னும் மயக்கம்



சம்பள நாளன்று மாலையில் லயத்தின் முன் வந்து நிற்கும் பழைய சாமான் லாரியை நீங்கள் அறிவீர்கள். விலையைக் கேட்டதும் கை தானாகவே மடியைத் தேடுகிறது. பழைய பொருள் வாங்குவது இழிவன்று; என் இல்லத்துத் தையற்பொறியும் கைமாறி வந்ததே. அது நாள்தோறும் உழைக்கிறது. தேவையை எண்ணாமல் மலிவை மட்டும் எண்ணி வாங்குவதே இடர்.

முதுகு பெருத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் பாருங்கள். ஐம்பது வெள்ளிதான் என்பார்கள். நம் நாட்டில் பழைய முறை ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. மின்னிலக்க ஒளிபரப்பைப் பெறும் கருவியைத் தனியே வாங்கி இணைத்தாலன்றி அப்பெட்டியில் படம் தெரியாது. "கடையில் தெரிந்ததே!" என்பீர்கள். அங்கே இணைத்திருந்த கருவி கடைக்காரருடையது.

பழைய குளிர்பெட்டியோ கதவோரப் பட்டை தளர்ந்தால் ஓயாமல் ஓடி மின்கட்டணத்தைப் பெருக்கும்.

இலையுதிர் காலத்தில் பால் குறையும். மழை நாளில் மரம் சீவ இயலாது. பிள்ளையின் பள்ளிக் காலணிக்குக் கைமாற்றுக் கேட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் அந்த ஐம்பது வெள்ளி நினைவுக்கு வரும்.

நானும் தப்பவில்லை. மலிவென்று வாங்கிய மின்விசிறி ஒன்று என் கட்டிலின்கீழ் கிடக்கிறது. என் துணைவியார் வீடு கூட்டும்போதெல்லாம் அதை நகர்த்தி வைக்கிறார், ஒன்றும் சொல்வதில்லை.