எரிந்த தானியம்



விவிலியம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கும். ரோமின் ஆட்சியில் கோயில் அதிகாரத்தில் இருந்த சதுசேயர் ஆட்சியோடு ஒத்துப்போனார்கள். பரிசேயர் வேதச் சட்டத்தை அன்றாட வாழ்வுக்குக் கொண்டுவந்தார்கள். எஸ்ஸேனர் ஒதுங்கிப் போய்க் கூட்டாக வாழ்ந்தார்கள். செலோத்தேயர் ஆயுதம் எடுத்தார்கள். அடிமைப்பட்ட மக்கள் எப்படி வாழ்வது என்ற ஒரே கேள்விக்கு நான்கு பதில்கள்.

திருவிதாங்கூரில் நம் முன்னோரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். சாம்பவரான மயிலாடி வேதமாணிக்கம் கிறித்தவரானார். அவர் அழைப்பில் 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார். சபையும் பள்ளிக்கூடமும் வந்தன. 1833க்குப் பின் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதிக்கும் ஒரே கிணற்றைத் திறந்தார். தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். அகிலத்திரட்டு மன்னனைக் கலிநீசன் என்றது, வெள்ளையனை வெண்ணீசன் என்றது. மிஷனரிகள் அவரைத் தங்கள் பணிக்குத் தடையாகவே பார்த்தார்கள்.

அரசு என்ன செய்தது? 1814இல் மதம் மாறிய பெண்களுக்கு மட்டும் குப்பாயம் போட அனுமதி தந்தது. ஒரே சாதி, ஒரே தெரு. ஞானஸ்நானம் பெற்றவள் மார்பை மறைக்கலாம், மற்றவள் கூடாது. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 ஆணை நாடார் பெண்கள் எல்லோருக்கும் உரிமை தந்தது. எப்படி? குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி சுற்றலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. புலையர், பறையர் பெண்கள் அந்த ஆணையில் இல்லவே இல்லை.

அரசின் கண்ணுக்கு நாடாரும் முக்குவரும் ஒரே படிதான். 123 ஆண்டு கழித்து, 1982இல் மண்டைக்காட்டில், முக்குவர் கிறித்தவராகவும் நாடார்களில் பலர் இந்துக்களாகவும் எதிரெதிரே நின்றார்கள்.

கி.பி. 70இல் ரோமப் படை எருசலேமைச் சூழ்ந்தபோது உள்ளே மூன்று குழுக்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டன. பல ஆண்டு முற்றுகையைத் தாங்கியிருக்கும் தானியத்தைத் தாங்களே எரித்தார்கள் என்று ஜோசஃபஸ் எழுதுகிறார். பசி வந்தது. பிறகு கோயிலும் எரிந்தது.

பல பிரிவுகளாக இருப்பது குற்றமல்ல. பக்கத்து வீட்டுக்காரனின் தானியத்தை எரிப்பதுதான் குற்றம். என் ஆய்வில் நான் கண்டவரை, குப்பாயமும் தலைப்பாகையும் ஒரே அவமானத்துக்கு எதிராக எழுந்தவை. சபையில் வளர்ந்த தோழர்கள் ஒருமுறை சாமித்தோப்புக்குப் போங்கள். பதியில் வளர்ந்தவர்கள் மயிலாடிக்குப் போங்கள். தேர்தல் நேரத்தில் யாராவது வந்து "அவர்கள் வேறு, நாம் வேறு" என்று சொன்னால், அந்த 1859 ஆணையை வாசித்துக் காட்டுங்கள்.

ஜெய் பீம்.