இருப்புப் பாதையில் ஒரு பொறியாளர்



பாப்பிரெட்டிப்பட்டியில் நடைபெறும் வெள்ளிவிழாவில் இரயில்வேப் பொறியாளர் ஒருவரைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் வினவினர். என் தந்தையார் பொம்மிடிப் பகுதியில் டிராலி தள்ளும் தொழிலாளியாக இருந்தவர். குடைநிழலில் பொறியாளர் அமர்ந்திருப்பார். தந்தையார் தண்டவாளத்தின்மேல் வெறுங்காலுடன் ஓடித் தள்ளுவார். அமர்ந்திருப்பவர் என்ன படித்தவர் என்று சிறுவனாகிய நான் கேட்டபோது அவருக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவ்வினாவிற்கே இன்று விடை கூற வந்துள்ளேன்.

1932இல் பாலக்காட்டுச் சீமையில் பிறந்த இ. ஸ்ரீதரன், காக்கிநாடா அரசினர் பொறியியல் கல்லூரியில் பயின்று, தேர்வெழுதி, 1954இல் தென்னக இரயில்வேயில் சேர்ந்தார். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஓர் இரயிலையும் விழுங்கியது. பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் கடலில் வீழ்ந்தன. சீரமைக்க முதலில் ஆறு மாதம் குறித்த மேலிடம், பின்னர் அதனை மூன்றாகக் குறைத்தது. 32 வயதான ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார்! எவ்வாறு? புதிய கர்டர்களுக்குக் காத்திராமல், மூழ்கியவை கிடக்கும் இடத்தை மீனவர் வாயிலாக அறிந்து, அவற்றையே கடலிலிருந்து தூக்கித் தூண்களில் பொருத்தினார். அந்த 46 நாட்களை எல்லோரும் எழுதுகின்றனர். நீரில் இறங்கிக் கம்பிவடம் கட்டியவன் பெயரை நான் எங்கும் படித்ததில்லை.

1990இல் கொங்கண் இரயில்வேப் பொறுப்பேற்று, மலைகளைக் குடைந்து சுமார் 740 கிலோமீட்டர்ப் பாதை அமைத்தார். 1998இல் அது முழுமையுற்றது. சுரங்கங்களில் மாண்ட தொழிலாளர்க்கு இரத்தினகிரியில் நினைவுச் சின்னம் உண்டு. பின்னர் தில்லி மெட்ரோ. 2002இல் முதற்பகுதி ஓடியது. 2011 இறுதியில் ஓய்வு பெற்றார். கெடுவிற்கு எஞ்சிய நாட்களைக் காட்டும் பலகையை மெட்ரோப் பணியிடங்களில் அவர் வைத்தார். நம் தேர்வர்கள் இல்லங்களில் ஒன்று மாட்டலாம்.

அவர் நம்மவர் அல்லர் என்பீர்கள். உண்மை. ஆனால் அவர் பெற்ற கல்வி எவருடைய தனியுடைமையும் அன்று. 1943இல், வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால் மத்திய அரசுப் பணிகளில் நமக்கு 8⅓ விழுக்காடு ஒதுக்கீடு கிடைத்தது. எனினும் நம்மில் பலர் கேங்மேன், கலாசி வேலைகளோடு நின்றுவிட்டோம். அவ்வேலை இழிவன்று, என்னை வளர்த்த சோறு அது. அங்கேயே நின்றுவிட்டதுதான் என் வருத்தம்.

பத்தாம் வகுப்பு முடித்தவர் பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றால், இரயில்வே தேர்வு வாரியத்தின் வழியே இளநிலைப் பொறியாளர் ஆகலாம். பட்டம் பெற்றவர்க்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பொறியியல் பணித் தேர்வு உண்டு. இரண்டிலும் நம் பிள்ளைகள் இடறுவது கணக்கில். சனிக்கிழமை மாலைதோறும் சங்க அலுவலகத்தில் இருப்பேன். நோட்டுப் புத்தகத்துடன் வாருங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள்.