டர்போவைக் கடைசியா வாங்குங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



சொந்தமா டர்போ போடுறது பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தீங்க. அதுல பெரும்பாலும் வர்ற கேள்வி ஒண்ணுதான்: "ப்ரோ, எந்த டர்போ வாங்கலாம்?" என் பதில், அதைக் கடைசியா வாங்குங்க. ஏன்னு சொல்லத்தான் இந்த எபிசோட்.

ஒரு குறிப்பிட்ட காரை வச்சுப் பேசினா எளிதா புரியும். மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் இதுக்கு மியாட்டான்னு பேரு. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான ரெண்டு சீட் கார். முன்னாடி இன்ஜின், பின்சக்கர இயக்கம், எடை ஒரு டன்னுக்கும் கம்மி. முதல் வண்டிகளில் 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைசக்தி. வளைவுகளில் அருமையா ஓடும், நேர் ரோட்டில் "இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்குமே"ன்னு தோணும். அந்த "இன்னும் கொஞ்சம்"தான் அமெரிக்காவில் வீட்டு கராஜ்களில் முப்பது வருஷத்துக்கும் மேலா டர்போ பில்டா மாறிட்டு இருக்கு. கொலராடோவின் ஃப்ளையின் மியாட்டா, டெக்சஸின் கார்க்கி பெல் மாதிரி ஆட்கள் இந்தக் காருக்கே டர்போ கிட் செஞ்சு வித்திருக்காங்க. கார்க்கி பெல் எழுதின 'மேக்சிமம் பூஸ்ட்' புத்தகம், முதல் பில்டுக்கு முன்னாடி படிக்க வேண்டியது.

இந்தியாவில் கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்சியில் இருக்கிற உற்பத்தியாளர் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. அமெரிக்காவிலும் எல்லா இடமும் ஒண்ணு கிடையாது. கலிபோர்னியாவில் அனுமதி எண் இல்லாத டர்போ கிட் போட்டா ஸ்மாக் செக்கில் நிறுத்திடுவாங்க. நீங்க இருக்கிற இடத்துச் சட்டத்தையும் இன்ஷூரன்ஸையும் பார்க்கிறதுதான் பிளானின் முதல் வரி.

முதல்ல ஒரு எண்

பிளான்னா முதல்ல ஒரு பேப்பர்ல ஒரு எண்ணை எழுதுங்க. எத்தனை குதிரைசக்தி வேணும்? "எவ்வளவு முடியுமோ அவ்வளவு"ங்கிறது எண் கிடையாது.

கணக்கு எளிது. கடல்மட்டத்தில் காத்தழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. டர்போ அதுக்கு மேல 7 பிஎஸ்ஐ தள்ளினா மொத்தம் 21.7. அதை 14.7-ஆல வகுத்தா சுமார் 1.48. அதாவது இன்ஜினுக்குள்ள கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு காத்து. 115-ஐ 1.48-ஆல பெருக்கினா 170. நிஜத்தில் சூட்டால கொஞ்சம் குறையும்.

170 கம்மின்னு தோணுதா? 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பிபிஆர் நிறுவனம் மாஸ்டா டீலர்கள் வழியா வித்த டர்போ எம்எக்ஸ்-5, 150 குதிரைசக்தி. 2004-ல மாஸ்டாவே ஃபேக்டரியில் டர்போ போட்டு வித்த மாஸ்டாஸ்பீட் மாடல், 178. அது 1.8 லிட்டர் இன்ஜின். இன்ஜினை வடிவமைச்ச கம்பெனியே, வாரன்டி குடுக்கணும்னு வந்தப்போ அங்கதான் நின்னுது. முதல் பில்டுக்கு 170, 180 ரொம்ப நல்ல எண். உள்ள இருக்கிற பிஸ்டன், கனெக்டிங் ராட் எதையும் தொடாம அங்க போயிடலாம். அதைத் தாண்டி ரொம்ப தூரம் போனா முதல்ல வளையுறது ராடுதான். ராடு வளைஞ்சா இன்ஜினையே பிரிக்கணும், அது வேற பட்ஜெட்.

காத்து வந்தா பெட்ரோலும் வரணும்

டர்போ காத்தை மட்டும்தான் குடுக்கும். அந்தக் காத்துக்கு ஏத்த பெட்ரோலை வேற யாராவது குடுக்கணும்.

டர்போ இன்ஜினுக்கு ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு சுமார் 270 கிராம் பெட்ரோல்னு வச்சுக்கலாம். 180 குதிரைசக்திக்கு மணிக்கு 48 கிலோவுக்கு மேல. நாலு இன்ஜெக்டருக்குப் பிரிச்சா ஆளுக்கு 12 கிலோ, அதாவது நிமிஷத்துக்கு சுமார் 270 மில்லி. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல திறந்து வைக்கக் கூடாதுங்கிறது பொதுவான விதி. அப்போ 340, 350 மில்லி இன்ஜெக்டராவது வேணும். 1.6 மியாட்டாவில் ஃபேக்டரி குடுத்தது 200-க்குச் சற்று மேலதான். பேப்பர்லயே பத்தலைன்னு தெரிஞ்சுடுச்சு, இல்லையா?

அடுத்தது, எவ்வளவு பெட்ரோல் விடணும்னு முடிவு பண்ற மூளை, இசியூ. 1989 மாடல் 1.6-ல காத்தை அளக்கிறது ஒரு தகரக் கதவு மாதிரி. காத்து வேகமா வந்தா கதவு அகலமா திறக்கும், அதை வச்சு இசியூ கணக்குப் போடும். கதவு முழுசா திறந்துட்டா, அதுக்கு மேல வர்ற காத்து இசியூவுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத காத்துக்கு யாரும் பெட்ரோல் விட மாட்டாங்க.

அப்போ என்ன ஆகும்? கலவையில் பெட்ரோல் குறையும், எரியுறப்போ சூடு ஏறும், நாக்கிங் வரும். நாக்கிங்னா, தீப்பொறி பத்த வச்சு தீ ஒழுங்கா பரவுறதுக்கு முன்னாடியே, ஓரத்தில் இருக்கிற கலவை தானா வெடிக்கிறது. பூஸ்டில் அது சில விநாடி நடந்தாலே பிஸ்டன் ரிங் இருக்கிற விளிம்பு உடைஞ்சு போகலாம். அதுக்கு மேல டர்போ எவ்வளவு விலை குடுத்து வாங்கினதுங்கிறதுக்கு அர்த்தமே இல்லை.

அதனால புரோக்ராம் பண்ணக்கூடிய இசியூ கட்டாயம். மியாட்டா ஆட்கள் பல வருஷமா மெகாஸ்கொர்ட் வச்சு இதைப் பண்ணிட்டு இருக்காங்க. கூடவே வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார். ஃபேக்டரி சென்சாருக்கு 14.7-க்கு 1-ங்கிற காத்து-பெட்ரோல் விகிதத்துக்குக் கிட்ட மட்டும்தான் கண்ணு தெரியும். பூஸ்டில் நமக்கு வேண்டியது 11.5, 12 பக்கம். அங்க அது குருடு.

சூட்டுக் கணக்கும் ஒண்ணு. 30 டிகிரி காத்தை 1.48 மடங்கு அழுத்தினா, 70 சதவீதத் திறனுள்ள டர்போவிலிருந்து அது சுமார் 80 டிகிரியில் வெளியே வரும். அந்தச் சூட்டோட உள்ள விட்டா நாக்கிங்கை வெத்தலை பாக்கு வச்சு அழைச்ச மாதிரி. இன்டர்கூலர் அலங்காரத்துக்கு இல்லைன்னு இப்போ புரியும். பெட்ரோலும் பிரீமியம்தான். கலிபோர்னியா பங்கில் 91-னு போட்டிருக்கிறது, நம்ம ஊர் அளவுமுறையில் கிட்டத்தட்ட 95 ஆக்டேனுக்குச் சமம். எந்த பெட்ரோல் தினமும் கிடைக்குமோ அதுக்குத்தான் டியூன் பண்ணணும்.

நாலாவது சிலிண்டரின் கதை

இந்த இன்ஜின் குடும்பம் முதல்ல முன்சக்கர இயக்கக் கார்களுக்காகப் பிறந்தது, மாஸ்டா 323 மாதிரி. அதில் கூலன்ட் இன்ஜினின் ஒரு முனையில் நுழைஞ்சு, மறுமுனையில் வெளியே போகும். மியாட்டாவில் இன்ஜினை நீளவாக்கில் திருப்பி வச்சப்போ, பின்முனை டேஷ்போர்டுக்கு முன்னாடி இருக்கிற சுவரை ஒட்டிப் போயிடுச்சு. அதனால வெளியே போற வழியையும் முன்னாடிக்குக் கொண்டு வந்துட்டாங்க. உள்ள வர்றதும் முன்னாடி, வெளியே போறதும் முன்னாடி. பின்னாடி இருக்கிற நாலாவது சிலிண்டருக்குக் கூலன்ட் ஓட்டம் கம்மி.

115 குதிரைசக்தியில் இது பிரச்சினையே இல்லை. சூடு ஒன்றரை மடங்கு ஆனா பிரச்சினை. அதனாலதான் டர்போ மியாட்டா ஆட்கள் பலர் ரேடியேட்டரைப் பெரிசாக்கி, கூலன்ட் வழியைத் திரும்பப் பின்னாடிக்கு மாத்துறாங்க. ஒவ்வொரு காருக்கும் இப்படி ஒரு நாலாவது சிலிண்டர் கதை இருக்கும். உங்க காருக்கு அது என்னன்னு டர்போ ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும்.

பவர் போற வழியையும் பாருங்க. 1.6 வண்டியின் கிளட்ச் 200 மில்லிமீட்டர், 1994-ல வந்த 1.8-ல 215. 1.6-ன் டிஃபரன்ஷியலும் சின்னது, கூடுதல் டார்க்கில் சீக்கிரம் உடையக் கூடியது. 1.8-ன் டிஃபரன்ஷியல் போடணும்னா புரொப்பல்லர் ஷாஃப்டும் ஆக்சிலும் சேர்ந்தே மாறணும். வண்டியே இனிமேதான் வாங்கப் போறீங்கன்னா, 1.8 வாங்கிடுங்க. பாதி செலவு அங்கயே மிச்சம்.

பிரேக், டயர் பத்தி நீளமா சொல்ல வேண்டியதில்லை. வேகம் கூடுற வண்டிக்கு நிக்கவும் தெரியணும். பட்ஜெட்டில் அது முதல் அஞ்சு வரிக்குள்ள இருக்கணும்.

அப்போ எந்த வரிசை?

ஒண்ணு, வண்டியின் ஆரோக்கியம். கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்-டவுன் டெஸ்ட். நாலு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள்ள ஒத்துப்போகணும். ஆரம்பகால 1.6-ல கிராங்க் முனை பலவீனமான ஒரு வகை உண்டு, அதுவான்னு பாருங்க. பழைய ஹோஸ், டைமிங் பெல்ட், ஸ்பார்க் பிளக் எல்லாம் மாத்திடுங்க. எண்ணெய் குடிக்கிற இன்ஜினுக்கு டர்போ போடுறது, காய்ச்சல்காரனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புற மாதிரி.

ரெண்டு, கூலிங், கிளட்ச், பிரேக்.

மூணு, இசியூ, வைட்பேண்ட், பெரிய இன்ஜெக்டர். டர்போ இல்லாமலே இதை மாட்டி ஒரு மாசம் ஓட்டுங்க. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவங்க நிறைய. ஏன் முக்கியம்னா, எல்லாத்தையும் ஒரே வார இறுதியில் மாட்டி வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா, தப்பு வயரிங்கிலா, சென்சாரிலா, பைப் லீக்கிலான்னு கண்டுபிடிக்கவே முடியாது. குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகுதா, டிராஃபிக்கில் ஐடிலிங் நிக்குதா, இதெல்லாம் சாதாரண இன்ஜினா இருக்கும்போதே தீர்த்துடணும். அப்புறம் டர்போ வரும்போது மாறுறது அது ஒண்ணு மட்டும்தான்.

நாலு, இப்போ டர்போ. 180 குதிரைசக்திக்கு கேரட் ஜிடி2554ஆர் மாதிரி சின்ன டர்போவே தாராளம், சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும். பெரிசு வாங்கினா பூஸ்ட் வர்றதுக்குள்ள அடுத்த சிக்னல் வந்துடும். வேஸ்ட்கேட் ஸ்பிரிங் 7 பிஎஸ்ஐ பக்கம் இருக்கட்டும், பூஸ்ட் கன்ட்ரோலர் இப்போதைக்கு வேண்டாம். எண்ணெய் திரும்புற பைப் ஈர்ப்பு விசையில்தான் இறங்கும், அதனால எங்கயும் தொங்கி மேலேறாம நேரா சரிஞ்சு எண்ணெய்த் தொட்டிக்குப் போகணும். டர்போவை மேனிஃபோல்டோட பிடிக்கிற ஸ்டட்கள் சூட்டில் தளரும், மியாட்டாவில் இது பேர்போன தொல்லை. இன்கோனெல் ஸ்டட் விலை அதிகம், ஆனா வாங்குங்க. சூடான டர்பைன் பக்கத்தில் எண்ணெய் லைன் கசிஞ்சா அடுத்தது தீ. முதல் ஸ்டார்ட் அப்போ கையில் தீயணைப்பான் இல்லாம சாவியைத் திருப்பாதீங்க.

அஞ்சு, டைனோவில் டியூனிங். காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். டியூன் முடியுற வரைக்கும் பூஸ்ட் பக்கமே போகாதீங்க, நண்பன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "மச்சி, ஒரே ஒரு தடவை"ன்னு சொன்னாலும்.

இந்த வரிசைக்கு இன்னொரு லாபமும் இருக்கு. எந்தப் படியில் காசு தீர்ந்தாலும் உங்க கிட்ட ஓடுற வண்டி இருக்கும். ரெண்டாவது படியில் நின்னா நல்லா பராமரிச்ச மியாட்டா. மூணாவதில் நின்னா நவீன மூளை இருக்கிற மியாட்டா. தலைகீழா போய் டர்போவை முதல்ல வாங்கினா, அலமாரியில் பளபளன்னு ஒரு டர்போவும், வெளியே மரக்கட்டை மேல நிக்கிற ஒரு காரும்தான். வித்துட்டுப் போறவங்க விளம்பரத்தைப் பாருங்க, "பாதி முடிஞ்ச புராஜெக்ட்"னு எத்தனை இருக்குன்னு தெரியும்.

அதனால இந்த வாரம் ஒரே ஒரு வேலை. பேப்பர் எடுங்க, எண்ணை எழுதுங்க, அதுக்குக் கீழ இன்ஜெக்டர் கணக்கைப் போடுங்க. போட்டுட்டு எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சிலதை எடுத்துப் பேசலாம். அதுவரைக்கும் பத்திரமா ஓட்டுங்க.