கடுகு வாயு

கடுகு வாயு என்று ஒரு விஷம் உண்டு. நம்ம அஞ்சறைப்பெட்டிக் கடுகுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை; வாடை கொஞ்சம் கடுகு, பூண்டு மாதிரி இருக்குமாம், அவ்வளவுதான். பட்டவுடன் எரியாது. அதுதான் அதன் சூது. சில மணி நேரம் கழித்துத்தான் கண் வீங்கும், தோல் கொப்பளிக்கும், மூச்சுக்குழாய் புண்ணாகும்.

1943 டிசம்பர் 2. இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற 'ஜான் ஹார்வி' என்ற அமெரிக்கக் கப்பலில் கடுகு வாயுக் குண்டுகள் ரகசியமாக இருந்தன. கடலில் குதித்துத் தப்பியவர்கள் மேல் எண்ணெயோடு விஷமும் ஒட்டிக்கொண்டது. மருத்துவர்களுக்கு விஷயம் தெரியாது. ஈர உடையோடே கம்பளி போர்த்திப் படுக்க வைத்தார்கள். உடையைக் கழற்றிக் குளிப்பாட்டியிருந்தால் பலர் பிழைத்திருக்கலாம். ரகசியம் காத்த லட்சணம்! 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

விசாரிக்க வந்த மருத்துவர் ஸ்டூவர்ட் அலெக்சாண்டர், அவர்கள் ரத்தத்தில் வெள்ளணுக்கள் மளமளவென்று குறைந்திருப்பதைக் குறித்துவைத்தார். வெள்ளணு கட்டுமீறிப் பெருகுவதும் ஒரு புற்றுநோய்தானே? இதே குடும்பத்து ரசாயனம் ஒன்றை யேல் பல்கலைக்கழகத்தில் 1942-லேயே ஒரு புற்றுநோயாளிக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். 1949-ல் அமெரிக்க அரசு அதை மருந்தாக அங்கீகரித்தது. கீமோதெரபி மருந்துகளில் மூத்தது அதுதான்.