வண்டியை ஆன் செய்துவிட்டுக் காற்றடியுங்கள்

சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர்களுக்குத் தெரியும். மலை ஏறத் தொடங்கிவிட்டால், நினைத்த இடத்தில் பஞ்சர் கடை கிடைக்காது. காற்றடிக்கும் சின்னப் பம்பு ஒன்றைக் கூடவே வைத்திருப்பது நல்ல பழக்கம்.

இப்போது மின்சாரச் சரக்கு வண்டிகளும் வந்துவிட்டன. டாடா ஏஸிலேயே 2022-இல் மின்சார வண்டி அறிமுகமானது. "இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கிறதே, பம்பு ஓட என்ன குறை?" என்று தோன்றும். ஆனால் பம்பைச் செருகும் 12 வோல்ட் சாக்கெட்டுக்குக் கரண்ட் கொடுப்பது, பெரும்பாலான வண்டிகளில், தனியாக உள்ள ஒரு சின்ன பேட்டரி.

நம் வீட்டையே பாருங்கள். கீழே சம்ப், மாடியில் டேங்க். சம்ப் நிறையத் தண்ணீர் இருக்கும். மோட்டார் போடாவிட்டால்? டேங்க் காலியாகும், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. இங்கேயும் அதேதான். பொதுவாக, வண்டி ஆனில் இருந்தால்தான் பெரிய பேட்டரி சின்னதை நிரப்பும். ஆஃப் செய்துவிட்டு வெகுநேரம் காற்றடித்தால் சின்ன பேட்டரி இறங்கிவிடும். அது இறங்கினால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி கிளம்பாது. நடு மலையில் அந்த நிலை யாருக்கும் வர வேண்டாம்.

கியரை நியூட்ரலில் வையுங்கள். கைபிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். வண்டியை ஆன் செய்யுங்கள். பிறகு காற்றடியுங்கள்.

பம்பின் மேல் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். சாக்கெட் தாங்குவதைவிட அது அதிகமானால் ஃபியூஸ் போய்விடும். வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. காற்றை அளக்க, டயர் ஆறியிருக்கும் காலை நேரமே சரி. கிளம்பும் முன், சங்கராபுரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.