கொடிக்கயிறு யார் கையில்?



நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறோம். நில ஆவணங்களில் 'நத்தம்' என்றால் குடியிருப்பு நிலம்; வீடு கட்டிக்கொள்ள ஒதுக்கிய இடம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வரி நீங்கிய நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப்புத்தகத்தில் அந்தக் கோடு விழுந்துவிட்டது. நாடு விடுதலை அடைந்தது என்று சொல்லப்படும்போதெல்லாம், இந்தக் கோடு அழிந்ததா என்றுதான் நாம் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

இது நாம் புதிதாகக் கேட்கும் கேள்வி இல்லை. 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், சாதியைக் கைவிடாமல் சுதேசியம் பேசியவர்களைக் கடுமையாக விமர்சித்தார். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1945ல் அம்பேத்கர் நூல் வெளியிட்டார். அதனால் விடுதலைப் போராட்ட மரபைப் போற்றுவது என்று வந்தால் நமக்குள் ஒரு தயக்கம் எழுகிறது. அது நம் போராட்டமே இல்லை என்று சொல்லும் தோழர்களும் உண்டு. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் முழுவதையும் தள்ளிவிட்டால், அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போன நம் ஆட்களையும் சேர்த்தே தள்ளிவிடுவோம்.

அப்படிச் சிறைக்குப் போன ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே பிறந்தவர். இங்கிருந்து கொட்டாம்பட்டி போய், அங்கிருந்து மேலூர் சாலையில் இறங்கினால் தும்பைப்பட்டி. 1908 ஜூன் 18 அன்று அங்கே பிறந்தார் பி.கக்கன். அவரைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள். 'எளிமையான அமைச்சர்' என்பார்கள். பதவி போனபின் அரசுப் பேருந்தில் போனார் என்பார்கள். மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகக் கிடந்தவரை எம்.ஜி.ஆர். பார்த்து அதிர்ந்த கதையைச் சொல்வார்கள். எல்லாம் உருக்கமான கதைகள்தான். ஆனால் ஒரு தலித் தலைவரை நினைவில் வைத்துக்கொள்ள அவருடைய ஏழ்மைதானா கிடைத்தது? வைகை அணை 1959ல் திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறையை நடத்தியவர் அவர். அதை யாரும் முதலில் சொல்வதில்லை. அடக்கமாக இருந்தார், எதுவும் கேட்கவில்லை என்று பாராட்டும்போது, நம்மையும் கேட்காமல் இருக்கச் சொல்கிறார்களோ என்ற ஐயம் நமக்கு வருகிறது.

கக்கன் கேட்காமல் இருந்தவர் இல்லை. 1939 ஜூலை 8. வழக்கறிஞர் அ.வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன சிறு குழுவில் கக்கனும் ஒருவர். வரலாற்றுப் பாடத்தில் அழைத்துப்போனவரின் பெயர் பெரிதாக நிற்கிறது. கூடப் போனவர்கள் 'ஹரிஜனங்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். வைத்தியநாத ஐயரின் துணிவை நாம் குறைத்துச் சொல்லவில்லை. தன் சாதியாரின் பகையை அவர் சம்பாதித்துக்கொண்டார். ஆனால் அன்று உள்ளே காலெடுத்து வைத்தவர்கள் இரவில் திரும்பிப் போக வேண்டியது சேரிக்கு. வயல் வேலைக்கும் குடிதண்ணீருக்கும் சாதி இந்துக்களை அண்டி நின்ற சேரிக்கு. அந்த நுழைவுக்கு அதிக விலை கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் யார் என்று யோசித்துப்பாருங்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. முந்தின ஆண்டு, 1938ல், எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜியின் காங்கிரஸ் அரசு அதை ஏற்கவில்லை. மதுரை நுழைவுக்குப் பிறகு அதே அரசு அவசரமாகச் சட்டப் பாதுகாப்பு செய்தது. மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947ல்தான் வந்தது. மசோதாவாகப் போனபோது திறக்காத கதவு, கால் உள்ளே பட்டபின் திறந்தது. விடுதலைப் போராட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்.

1942 போராட்டத்தில் சிறைப்பட்ட கக்கன், பிறகு அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். தீண்டாமையை ஒழித்த கூறு 1948 நவம்பர் 29 அன்று அந்தச் சபையில் நிறைவேறியது. இன்று அரசமைப்பின் 17ஆம் பிரிவு அது. அதே வேளையில் நாம் துதிபாடவும் வரவில்லை. 1965ல் இந்தி எதிர்ப்பு மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது உள்துறை அமைச்சர் கக்கன்தான். 1967 தேர்தலில் சொந்த மண்ணான மேலூர்ப் பகுதியிலேயே தோற்றார். அதையும் சேர்த்தே அவரைப் படிக்க வேண்டும். குறையில்லாத மனிதராக இருந்தால்தான் மரியாதை என்ற நிபந்தனையை மற்றத் தலைவர்களுக்கு யாரும் விதிப்பதில்லை. நம் தலைவர்களுக்கும் வேண்டாம்.

தும்பைப்பட்டி இருக்கும் அதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவும் இருக்கிறது. 73ஆவது அரசமைப்புத் திருத்தம் தந்த இடஒதுக்கீட்டில் 1996ல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு வந்தது. வேட்புமனு போட்டதிலிருந்தே மிரட்டல். அதையும் மீறித் தலைவரானார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பியபோது, அவரும் உடன் வந்த ஐவரும் வெட்டிக்கொல்லப்பட்டார்கள். கக்கன் கோயிலுக்குள் காலெடுத்து வைத்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. முருகேசன் கேட்டது ஊராட்சி அலுவலகத்தின் ஒரு நாற்காலி.

அந்த வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2008ல் அண்ணா நூற்றாண்டையொட்டி மூவர் முன்விடுதலை. 2019ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 13 பேர் முன்விடுதலை. தலைவர்களைப் போற்றுவது என்பது இப்படியும் நடக்கிறது, தோழர்களே. ஒரு நூற்றாண்டு விழாவின் கருணை யார் வீட்டுக்குப் போகிறது, யார் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது என்பதை மேலவளவு நமக்குக் காட்டியது.

சுதந்திர தினத்துக்கே வருவோம். 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலித் பெண் தலைவர் தேசியக் கொடி ஏற்றத் தடுக்கப்பட்டார். செய்தி வெளியானபின், ஆட்சியர் முன்னிலையில் சில நாள் கழித்து ஏற்றினார். 2022 ஆகஸ்டில், சாதிப் பாகுபாடின்றி ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. விடுதலை பெற்ற எழுபத்தைந்தாம் ஆண்டில், கொடிக்கயிற்றைப் பிடிக்கும் கைக்கு ஒரு சுற்றறிக்கை தேவைப்பட்டது.

ஆகவே விடுதலைப் போராட்டத்தின் மரபைப் போற்றுவது எப்படி என்று எங்களைக் கேட்டால், மாலையை வைத்துவிட்டு உங்கள் ஊருக்குப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வோம். ஆகஸ்ட் 15 கிராமசபை நாளும்கூட. அன்று தலித் தலைவர் இருக்கும் ஊராட்சியில் கொடி ஏற்றியது யார், கூட்டத்தில் நாற்காலியில் இருந்தது யார், நின்றது யார் என்று பாருங்கள். சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா, அந்தப் பாதை யாருடைய பட்டாவில் முடிகிறது என்று கேளுங்கள். 1892 அரசாணையின் வழியே நம் மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் உங்கள் கிராமத்தில் எவ்வளவு, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதிலைக் கிராமசபையில் சத்தமாகப் படியுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சிறைக்குப் போன சேரி மனிதர்கள் பலரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. தாத்தா பாட்டிகளிடம் உட்கார்ந்து கேளுங்கள். சொல்வதை எழுதுங்கள், குரலைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தப் பெயர்களும் போய்விடும்.

1939ல் யாரும் கக்கனிடம் வந்து, கதவு திறந்துவிட்டது வாருங்கள் என்று சொல்லவில்லை. நடந்து போனார்கள், திறந்தது. நத்தத்துக்கும் சேரிக்கும் நடுவில் விழுந்த கோட்டையும் அப்படித்தான் அழிக்க முடியும். அடுத்த ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊர்க் கொடிக்கம்பத்தின் அடியில் நில்லுங்கள். கயிறு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஜெய் பீம்.